கேள்வி – பதில்: டீட்ரிச் மாதிரி ஒரு கோட்டு

சென்ற இதழில் 1930களின் ஹாலிவுட் நட்சத்திரம் மார்லீன் டீட்ரிச் ஆண்களின் வால் கோட்டும் (பின்பக்கம் மட்டும் நீண்டு தொங்கும் கோட்டு) உயரத் தொப்பியுமாக நிற்கும் படத்தை வெளியிட்டிருந்தோம். பாலக்காடு, கொழிஞ்சாம்பாறை, மூணாறு பக்கத்திலிருந்தும் நகரி, புத்தூர் பக்கத்திலிருந்தும் வந்த கடிதங்களில் பெரும்பாலானவை ஒரே விஷயத்தைக் கேட்டன: இதை நம்மூரில் எப்படித் தைத்துப் போடுவது? கோட்டு வெட்டுபவர், ஒப்பனைக்காரர், ஸ்டூடியோவில் படமெடுப்பவர் மூவரும் சேர்ந்து பதில் எழுதியிருக்கிறோம்.

அண்ணன் கல்யாண ரிசப்ஷனுக்கு அந்தப் படத்தில் இருக்கிற மாதிரி கோட்டு, பேன்ட் போடணும்னு ஆசைங்க. எங்க ஊர் டெய்லர் ஆம்பளைங்க கோட்டுதான் தைப்பாராம், லேடீஸ் அளவுக்கு வராதுங்கறாரு. கோயமுத்தூர்தான் போகணுமா? துணி எவ்வளவு எடுக்கணுங்க?
– வாசகி, கொழிஞ்சாம்பாறை

எங்கேயும் போக வேண்டாம். அந்த டெய்லர்தான் உங்களுக்குச் சரியான ஆள். டீட்ரிச்சின் பட உடைகளை பாரமவுண்ட் ஸ்டூடியோவின் டிராவிஸ் பேன்டன் வடிவமைத்தார். ஆனால் வால் கோட்டு என்று வந்தபோது டீட்ரிச் தேடிப் போனது வியன்னாவில் ஆண்களுக்குத் தைக்கும் க்னீஷே என்ற கடையைத்தான். ரவிக்கை, சுடிதார் எவ்வளவு அழகாகத் தைப்பவராக இருந்தாலும், உள்ளே கேன்வாஸ் வைத்து லேப்பலை (கோட்டின் முன்பக்கம் மார்பில் மடிந்து கிடக்கும் பட்டியை) உருட்டி மடக்குவது தனிக் கைவேலை. அந்தக் கைவேலை கோட்டு டெய்லரிடம் இருக்கிறது. பெண் உடம்புக்கு எங்கே மாற்ற வேண்டும் என்பதை மட்டும் நீங்கள் சொன்னால் போதும்.

வால் கோட்டு வேண்டாம், டக்ஸீடோ எடுங்கள். ஒரே பொத்தான், மூடி இல்லாத பாக்கெட், பின்னால் வெட்டு இல்லாத கோட்டு, லேப்பலில் சாட்டின், பேன்ட்டின் பக்கத் தையலில் ஒரே பட்டை. வால் கோட்டுக்கு வெள்ளை வெயிஸ்ட்கோட், வெள்ளை போ டை, பேன்ட்டில் இரட்டைப் பட்டை எல்லாம் வேண்டும். அந்த வெயிஸ்ட்கோட் கோட்டின் முன்விளிம்புக்குக் கீழே அரை அங்குலம் எட்டிப் பார்த்தாலும் மொத்தமும் கெட்டுவிடும். முதல் முயற்சிக்கு அது தேவையில்லாத தலைவலி.

58 அங்குல அகலச் சூட்டிங் துணியில் கோட்டுக்கு 1.8 மீட்டர், பேன்ட்டுக்கு 1.4 மீட்டர் என 3.25 மீட்டராக வாங்குங்கள். லைனிங் 44 அங்குல அகலத்தில் 2.25 மீட்டர், லேப்பலுக்குச் சாட்டின் அரை மீட்டர், பட்டைக்கு முக்கால் அங்குல சாட்டின் ரிப்பன் 2.5 மீட்டர். வெட்டும் முன் துணி முழுவதையும் ஈரத்துணி போட்டு நீராவி ஏறும்படி இஸ்திரி போட்டு ஒரு நாள் விரித்து வைக்கச் சொல்லுங்கள். இதைச் செய்யாத கோட்டில்தான் முதல் சலவைக்குப் பிறகு நெஞ்சுப் பக்கம் கொப்புளம் கொப்புளமாக எழும்பும். துணி சுருங்கும், விறைப்புக்காக உள்ளே சூட்டில் ஒட்டிய பசைத்துணியான ஃப்யூசிங் சுருங்காது, பசை விட்டுப்போகும். ஃப்யூசிங் ஒட்டும்போது இஸ்திரிப் பெட்டியை இழுக்கக் கூடாது. ஒவ்வோர் இடத்திலும் 10 முதல் 15 வினாடி அழுத்தி நிறுத்தி, தூக்கி அடுத்த இடத்தில் வைக்க வேண்டும். சாட்டின் துணிக்குப் பின்னால் மட்டும் ஃப்யூசிங் வேண்டவே வேண்டாம். பசை புள்ளி புள்ளியாக வெளியே தெரியும். மெல்லிய பருத்தித் துணியை வைத்துக் கையால் ஓட்டுத் தையல் போட்டால் போதும்.

இனி அளவு. கோட்டுக்குள் போடப்போகும் சட்டையையும் உள்ளாடையையும் போட்டுக்கொண்டுதான் அளவு கொடுக்க வேண்டும். மார்புச் சுற்றளவுக்கு மேல் 3.5 அங்குலம் லூஸ் போதும், அதைத் தாண்டினால் இரவல் கோட்டு மாதிரி தொங்கும். தோள் எலும்பின் முனைக்கு மேல் அரை அங்குலம் வரை வெளியே போகலாம். பேட் கால் அங்குல கனம். கோட்டின் உயரம்: பின்கழுத்து எலும்பிலிருந்து தரை வரை அளந்து பாதி எடுத்துக்கொள்ளுங்கள், 5 அடி 2 அங்குல உயரமுள்ளவருக்கு ஏறக்குறைய 26.5 அங்குலம் வரும். கை நீளம் மணிக்கட்டு எலும்போடு நிற்க வேண்டும், சட்டைக் கஃப் அரை அங்குலம் வெளியே தெரிய வேண்டும்.

ஆர்ம்ஹோல்தான் (கை பூட்டும் வளைவு) எல்லாவற்றையும்விட முக்கியம். அக்குளுக்குக் கீழே ஓர் அங்குலத்துக்கு மேல் இறங்கவே கூடாது. டெய்லர்கள் வசதிக்காக இறக்கி வெட்டுவார்கள். இறக்கினால் என்ன ஆகும் தெரியுமா? நீங்கள் கும்பிடக் கையைத் தூக்கும்போது மொத்தக் கோட்டும் கூடவே மேலே ஏறும், காலர் கழுத்தை விட்டு விலகி நிற்கும். டீட்ரிச்சின் படங்களை உற்றுப் பாருங்கள். சிகரெட்டோடு கையை உயர்த்தியிருப்பார், கோட்டு அசைந்திருக்காது.

மார்பு வளைவுக்காகத் துணியைப் பிடித்துத் தைக்கும் டார்ட் வெளியே தெரிந்தால் கோட்டு உடனே 'லேடீஸ் ஜாக்கெட்' ஆகிவிடும். எனவே டார்ட்டைக் கழுத்தில் தொடங்கி, லேப்பல் மடியும் இடத்துக்கு அடியில் ஓடவிட்டு, மார்பின் உச்சிக்கு ஒன்றரை அங்குலம் முன்பே முடிக்கச் சொல்லுங்கள். லேப்பல் அதை மூடிவிடும். இடுப்பு ஒடுக்கத்தை ஆண் கோட்டில் வழக்கமாக இருக்கும் முன் டார்ட்டிலும் பக்கத் தையலிலும் எடுத்துக்கொள்ளலாம். பொத்தான் உங்கள் இயல்பான இடுப்பில், அல்லது அதற்கு அரை அங்குலம் மேலே. இடதுபக்கம் வலதுபக்கத்தின் மேல் வரட்டும், ஆண் கோட்டில் போலவே. கச்சாத் தையலில் ஒரு ட்ரையல், கை பூட்டிய பிறகு ஒரு ட்ரையல் என இரண்டு கேளுங்கள். ரிசப்ஷனுக்கு ஒரு மாதம் முன்பே துணியைக் கொடுத்துவிடுங்கள்.

புத்தூரில் மே மாசம் எப்படி இருக்கும்னு உங்களுக்கே தெரியும். இந்த வெயிலில் கோட்டு போட முடியுமா? லினன் எடுக்கலாமா?
– வாசகி, புத்தூர், திருப்பதி மாவட்டம்

லினன் வேண்டாம். குளிர்ச்சிதான், ஆனால் உட்கார்ந்து எழுந்தால் முழங்கைக்குப் பின்னாலும் மடியிலும் கசங்கிவிடும், இந்த உடையின் உயிரே கூரான கோடுதான். கறுப்புப் பருத்தி டிரில் நான்கு சலவையில் சாம்பலாகும். 220 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு இத்தனை கிராம் எடை) சுற்றுவட்டத்தில் டெரி-வுல், அதாவது பாலியெஸ்டரும் கம்பளியும் கலந்த துணி எடுங்கள். கம்பளி கலந்திருக்கிறதே என்று பயப்பட வேண்டாம், மெல்லிய கம்பளி நூல் வியர்வையை வாங்கிக் காற்றில் விட்டுவிடும். சூட்டைப் பிடித்து வைப்பது பெரும்பாலும் லைனிங்தான். பாலியெஸ்டர் லைனிங்குக்குப் பதில் விஸ்கோஸ், அதுவும் தோள், கை, முன்பக்கம் மட்டும். முதுகின் கீழ்ப்பாதி லைனிங் இல்லாமல் இருக்கட்டும், உள் தையல் விளிம்புகளுக்குப் பைப்பிங் கட்டிவிட்டால் அழகாகவே இருக்கும்.

வெள்ளையும் ஒரு வழி. 1932இல் வந்த 'ப்ளாண்ட் வீனஸ்' படத்தில் டீட்ரிச் முழு வெள்ளை வால் கோட்டில் பாடுவார். வெள்ளையில் வழக்கமாக நடக்கும் கோளாறு பேன்ட் பாக்கெட்டின் உள்பை நிழலாட்டமாகத் தெரிவது. உள்பைக்கு வெள்ளைத் துணி வைப்பதால் வரும் வினை அது. உங்கள் தோல் நிறத்துக்கு நெருங்கிய துணியை வைத்தால் தெரியாது. உள்ளாடைக்கும் அதே விதி.

உயர இடுப்பு பேன்ட் தைத்தேன். தொப்புளுக்கு மேல் கட்டினால் ஃபோர்க்கில் (கால் பிரியும் இடத்தில்) பிடிக்கிறது, இறக்கினால் நழுவுகிறது. எங்கே தப்பு?
– வாசகி, சித்தூர், பாலக்காடு மாவட்டம்

சாதாரணப் பேன்ட்டின் மாதிரியை வைத்து, இடுப்புப் பட்டியை மட்டும் மேலே ஏற்றியிருக்கிறார்கள். ரைஸை, அதாவது பட்டியிலிருந்து ஃபோர்க் வரையான ஆழத்தை, உங்கள் உடம்பில் அளக்க வேண்டும். கட்டை நாற்காலியில் நிமிர்ந்து உட்காருங்கள். பட்டி நிற்க வேண்டிய இடத்தில் ஒரு நாடாவைக் கட்டி, அங்கிருந்து பக்கவாட்டில் நாற்காலிப் பலகை வரை அளவெடுங்கள். பலருக்கும் 11 அங்குலத்தைச் சுற்றி வரும். அதோடு முக்கால் அங்குலம் கூட்டினால் அதுதான் ரைஸ். பின்பக்கம் முன்பக்கத்தைவிட ஒன்றரை அங்குலமாவது உயர்ந்து போக வேண்டும், இல்லாவிட்டால் உட்காரும்போது பின்னால் இறங்கும்.

பேன்ட்டைப் போட்டுக் கண்ணாடி முன் நின்றால் சுருக்கமே கோளாறைச் சொல்லிவிடும். ஃபோர்க்கிலிருந்து கதிர் மாதிரி விரியும் சுருக்கம்: ஃபோர்க் குட்டை. தொடையில் குறுக்காக ஓடும் சுருக்கம், பக்கப் பாக்கெட் வாய் பிளப்பது, ப்ளீட் (பட்டிக்குக் கீழே விடும் மடிப்பு) நின்ற நிலையிலேயே திறந்துகிடப்பது: சீட் (பின்பக்கச் சுற்றளவு) இறுக்கம். சீட்டில் 2.5 அங்குலம் லூஸ் இருந்தால் மூன்றும் போய்விடும். பின்பக்கத்துக்குக் கீழே தொளதொளவென்று தொங்கினால் பின் ரைஸ் நீளம் கூடிவிட்டது.

டீட்ரிச் காலத்துப் பேன்ட் பாயும் துணியாக விழும். பக்கத்துக்கு இரண்டு ப்ளீட், முதலாவது ஒன்றேகால் அங்குல ஆழம், இரண்டாவது முக்கால். பாட்டம் (காலின் கீழ்விளிம்புச் சுற்றளவு) 22 அங்குலம். நீளத்தை, அன்று போடப்போகும் செருப்பையோ ஷூவையோ போட்டுக்கொண்டே குறிக்க வேண்டும். பின்பக்கம் தரையிலிருந்து அரை அங்குலம் மேலே நிற்கட்டும். பெல்ட் வேண்டாம், சஸ்பெண்டர் (தோள்வழியே பேன்ட்டைத் தாங்கும் வார்) போடுங்கள். பட்டியின் உள்பக்கம் ஆறு பொத்தான்: முன்னால் ஒவ்வொரு பக்கமும் இரண்டு, அவற்றில் முதலாவது முன் மடிப்புக்கு நேர் மேலே, அடுத்தது மூன்று அங்குலம் தள்ளி, பின்னால் நடுத்தையலுக்கு இருபுறமும் ஒவ்வொன்று. சஸ்பெண்டர் போட்டால் இடுப்பில் ஓர் அங்குலம் லூஸாகவே வைக்கலாம். சாப்பாட்டுக்குப் பிறகு அதன் அருமை தெரியும்.

எஸ்டேட் ஆபீஸில் வேலை பார்த்த தாத்தாவின் கம்பளிக் கோட்டு ஒன்று இருக்கிறது. எனக்கு ஆல்டர் செய்ய முடியுமா?
– வாசகி, மூணாறு

தோள் சரியாக இருந்தால் முடியும், தோள் பெரிதாக இருந்தால் விட்டுவிடுங்கள். போட்டுப் பார்த்துச் சுவரோரமாக நில்லுங்கள். தோள் பேட் சுவரைத் தொட்ட பிறகும் உங்கள் புஜம் ஓர் அங்குலத்துக்கு மேல் தள்ளி நின்றால் அந்தக் கோட்டைத் திருத்துவது புதிதாகத் தைப்பதைவிடப் பெரிய வேலை. கையைக் கழற்றி, பேடைக் குறைத்து, ஆர்ம்ஹோலைத் திரும்ப வெட்ட வேண்டும்; இறங்கிப்போன ஆர்ம்ஹோலை மேலே ஏற்ற அங்கே துணியே இருக்காது.

முடிகிறவை: இடுப்பில் மொத்தம் இரண்டரை அங்குலம் வரை ஒடுக்கலாம். அதற்கு மேல் போனால் இரண்டு பாக்கெட்டும் பின்னால் நகர்ந்து விலாவுக்குப் போய்விடும். கையை ஒன்றரை அங்குலம் குறைக்கலாம், ஆனால் கஃப்பில் உண்மையான காஜா வெட்டியிருந்தால் முடியாது, அப்போது தோள்பக்கம் கழற்றிக் குறைக்க வேண்டும், கூலி கூடும். நீளத்தை ஓர் அங்குலத்துக்கு மேல் வெட்டாதீர்கள், பாக்கெட் விளிம்புக்கு வந்து உட்கார்ந்துவிடும். காஜாவை மாற்ற முடியாது. மாற்றவும் வேண்டாம்.

டெய்லரிடம் கொடுக்கும் முன் வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். ஊசிமுனை ஓட்டைகள் தெரிந்தால் அந்துப்பூச்சி வேலை. பிளாஸ்டிக் பையில் காற்றில்லாமல் இரண்டு வாரம் ஃப்ரீஸரில் வைத்து எடுத்தால் முட்டையும் புழுவும் சாகும். ஓட்டையை அடைக்க நூல் வேண்டுமானால் உள்பக்கத் தையலோரத்தில் இருக்கும் உபரித் துணியிலிருந்து உருவி எடுங்கள். கடை நூலில் எவ்வளவு தேடினாலும் அந்த நிறம் அமையாது.

பாரிஸில் பேன்ட் போட்டதற்காக டீட்ரிச் மேல் போலீஸ் நடவடிக்கை என்று படித்தேன். பெண் பேன்ட் போடுவது குற்றமாகவா இருந்தது?
– வாசகர், திருத்தணி சாலை, நகரி

பாரிஸில் 1800 நவம்பரில் பிறப்பித்த ஒரு காவல் துறை ஆணை இருந்தது. ஆணுடை அணிய விரும்பும் பெண் காவல் துறையில் அனுமதி வாங்க வேண்டும். 1892இலும் 1909இலும் சலுகை கொடுத்தார்கள்: கையில் குதிரைக் கடிவாளமோ சைக்கிள் ஹேண்டில்பாரோ இருந்தால் அனுமதி வேண்டாம். 1933இல் டீட்ரிச் பாரிஸுக்கு வந்திறங்கியபோது ஆண் சூட்டு, மேலே நீள ஓவர்கோட்டு, பெரெட் தொப்பி, கறுப்புக் கண்ணாடி. அந்தப் படம் உலகம் முழுக்கப் போனது. ஆணை செல்லாது என்று பிரெஞ்சு அரசு வெளிப்படையாகச் சொன்னது 2013 ஜனவரியில்தான். இடையில் 1966இலேயே அதே ஊரில் ஈவ் சான் லோரான் பெண்களுக்கான டக்ஸீடோவை அறிமுகப்படுத்தி, அது பெரும் புகழ் பெற்றுவிட்டது.

கோட்டெல்லாம் நமக்குத் தூரம். வெள்ளைச் சட்டை, வேட்டியில் அந்த ஸ்டைல் வருமா? கல்பாத்தித் தேருக்குப் போட்டுக்கொள்ள நினைக்கிறேன்.
– வாசகி, பாலக்காடு

வரும், ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். கேரளத்தில் பெண்கள் முண்டும் நேரியதும் காலங்காலமாக உடுத்துகிறார்கள். வெள்ளை முண்டு, கசவு என்றால் இங்கே யார் கண்ணுக்கும் அது ஆணுடையாகப் படாது. உங்களுக்கு வேண்டிய விளைவைத் தரப்போவது சட்டைக் காலர்தான். எனவே கசவை விட்டுவிட்டு ஓர் அங்குலக் கறுப்புக் கரை போட்ட டபுள் முண்டு எடுங்கள். டக்ஸீடோ பேன்ட்டின் பட்டையை அந்தக் கரை நினைவூட்டும். கரை நேராகக் கணுக்கால் வரை இறங்க வேண்டும். உள்ளே அகலமான துணி பெல்ட் ஒன்றைக் கட்டி, முண்டின் மடிப்பை அதற்கு மேல் இறுக்கினால் கூட்டத்தில் இழுபட்டாலும் அவிழாது.

சட்டை 100 சதவீதம் பருத்தி பாப்ளின். காலர் முனை 3 அங்குலம், காலருக்குள் ஃப்யூசிங் போடாமல் இரண்டு மடிப்பு பக்ரம் (விறைப்பான உள்துணி). பிறகு கஞ்சி. ஒரு லிட்டர் தண்ணீரில் 2 மேஜைக்கரண்டி ஜவ்வரிசியை ஊறவைத்து, வெண்மை போய்க் கண்ணாடியாகும்வரை கிளறிக் காய்ச்சி, மெல்லிய துணியில் வடிகட்டுங்கள். சட்டை முழுவதும் அதில் நனையட்டும். காலர், கஃப், முன்பட்டிக்கு மட்டும் அதே அளவு ஜவ்வரிசியை அரை லிட்டரில் காய்ச்சித் தடவ வேண்டும். முழுக்கக் காயவிடாமல் ஈரப்பதம் இருக்கும்போதே, உள்பக்கம் முதலில், வெளிப்பக்கம் பிறகு இஸ்திரி போடுங்கள். காலரை முனையிலிருந்து நடுவுக்குத்தான் ஓட்ட வேண்டும், நடுவிலிருந்து முனைக்குப் போனால் சுருக்கமெல்லாம் முனையில் வந்து சேரும்.

காலரில் வெள்ளைப் பொடி உதிர்ந்தால் கஞ்சி வேகவில்லை. மஞ்சள் கறை வந்தால் பெட்டி சூடு அதிகம் அல்லது சோப்பு முழுக்கப் போகவில்லை. கஞ்சி போட்ட சட்டையை மழைக்காலத்தில் பீரோவில் வைக்காதீர்கள், பூஞ்சை பிடிக்கும், கரப்பானும் வெள்ளிப்பூச்சியும் அரித்துவிடும். அலசி, மடித்து வைத்து, போடும் முதல்நாள் கஞ்சி போடுங்கள். மேல் பொத்தான் வரை பூட்டி, கறுப்பு போ டை கட்டலாம். போ டையின் அகலம் உங்கள் இரு கண்களின் வெளிமுனைகளைத் தாண்டக் கூடாது.

நான் போட்டோ ஸ்டூடியோ வைத்திருக்கிறேன். டீட்ரிச் கன்னத்தில் விழுகிற அந்த நிழல் எப்படி வருகிறது? கடைவாய்ப் பல்லைப் பிடுங்கிக்கொண்டதால் என்கிறார்களே?
– வாசகர், நகரி

பல் கதையை நம்ப வேண்டாம். அது விளக்கின் வேலை. 1930இல் வந்த 'தி ப்ளூ ஏஞ்சல்' படத்தில் அவர் முகம் உருண்டையாக இருக்கும். இரண்டே வருடத்தில் 'ஷாங்காய் எக்ஸ்பிரஸ்'. அதே இயக்குநர் ஜோசஃப் ஃபான் ஸ்டெர்ன்பெர்க். ஒளிப்பதிவு லீ கார்ம்ஸ், அதற்கு அவருக்கு ஆஸ்கர் கிடைத்தது. அதில் கன்ன எலும்பு செதுக்கினது போலத் தெரியும். மெலிந்ததும் மேக்கப்பும் கொஞ்சம் உதவின. மீதி, முகத்துக்கு நேர் முன்னால் உயரத்தில் வைத்த ஒற்றை விளக்கு.

உங்கள் ஸ்டூடியோவில் இதற்கு ஒரு விளக்கும் ஒரு தெர்மோகோல் ஷீட்டும் போதும். விளக்கைக் கேமராவுக்கு நேர் மேலே, ஆளின் கண்மட்டத்திலிருந்து இரண்டரை அல்லது மூன்றடி உயரத்தில், ஏறக்குறைய 45 டிகிரி கீழ்நோக்கி வையுங்கள். பக்கவாட்டில் ஓர் அடி நகர்ந்தாலும் கதை மாறிவிடும். மூக்குக்கு அடியில் சிறிய பட்டாம்பூச்சி வடிவ நிழல் விழ வேண்டும். மேலுதட்டைத் தொட்டால் விளக்கு உயரம் அதிகம், நிழலே இல்லை என்றால் குறைவு. பெரிய சாஃப்ட்பாக்ஸ் வேண்டாம், நிழலின் ஓரம் கரைந்துவிடும். கண்குழி இருண்டால் மார்பு மட்டத்தில் வெள்ளைத் தெர்மோகோலைக் கிடையாகப் பிடியுங்கள். மோவாயை அரை அங்குலம் தூக்கச் சொன்னாலே பாதி சரியாகும்.

கறுப்புக் கோட்டில் நீங்கள் தடுமாறப்போவது வேறு இடத்தில். கறுப்புப் பின்னணியில் கோட்டு காணாமல் போய் முகம் மட்டும் மிதக்கும். பின்னால் ஒரு பக்கத்திலிருந்து இன்னொரு சிறு விளக்கைத் தோளை உரசும்படி விடுங்கள். சாட்டின் லேப்பல் அதை வாங்கி ஒரு வெள்ளிக் கோடாகத் திருப்பித் தரும். தலைமுடியின் ஓரத்திலும் அதே விளக்கு ஒளிவட்டம் போடும்.

நம் நிறத்துக்கு ஒரு வார்த்தை. முகத்தைப் பவுடரால் வெளுக்கச் செய்து எடுக்காதீர்கள். டீட்ரிச்சின் கன்னத்தைக் காட்டியது நிழல் விழுந்த இடமும் ஒளி பட்ட இடமும்தான். மாநிறத்திலும் கறுப்பிலும் அந்த ஒளிப்பட்டை இன்னும் அழகாக, இன்னும் கூராக விழும். வியர்வையை டிஷ்யூவால் ஒற்றி எடுத்து, கன்ன எலும்பின் மேல் மட்டும் ஒரு துளி தேங்காய் எண்ணெயை விரலால் தட்டிவிட்டால் போதும்.

அவர் மாதிரி புருவத்தை நூலாக எடுத்துவிடலாமா?
– வாசகி, பாறசாலை

வேண்டாம். தொடர்ந்து வேரோடு எடுத்தால் பலருக்குத் திரும்ப முளைக்காது. ஒரு நாளுக்கு மறைக்க வழி இருக்கிறது. தண்ணீரில் கரையும் பசைக் குச்சியைப் புருவத்தில் மேல்நோக்கித் தடவி, சீப்பால் படிய வாரி, காயவிட்டு, இன்னொரு பூச்சு. மேலே பவுடர், பிறகு கன்சீலர், மறுபடி பவுடர். உங்கள் புருவத்துக்கு அரை அங்குலம் மேலே மெல்லிய வளைவைப் பென்சிலால் வரையுங்கள். வியர்த்தால் முதலில் நெற்றிப் பக்கம் உரியும். எனவே இது ஏசி அறையில் படமெடுக்க மட்டும். கீழ் இமையின் உள்ஓரத்தில் வெள்ளைப் பென்சில் இழுத்தால் கண் பெரிதாகத் தெரியும். மைக்குப் பதில் அதை ஒரு முறை முயன்று பாருங்கள்.

என் மகள் தன் நிச்சயத்துக்குக் கறுப்பு கோட்டு போடுவேன் என்கிறாள். ஆம்பிளை வேஷம் போட்ட மாதிரி இருக்காதா? சொந்தக்காரர்கள் என்ன சொல்வார்கள்?
– ஒரு தாய், சித்தூர், ஆந்திரம்

அம்மா, ஆண் வேடம் நம் சினிமாவுக்குப் புதிதல்ல. 1935இல் 'பக்த நந்தனார்' படத்தில் நந்தனாராகவே நடித்தவர் கே.பி. சுந்தராம்பாள். 1941இல் 'சாவித்திரி'யில் நாரதர், எம்.எஸ். சுப்புலட்சுமி. அவர்கள் ஆண் பாத்திரம் ஏற்றார்கள். உங்கள் மகள் கேட்பது அதுவும் இல்லை. 1930இல் 'மொராக்கோ' படத்தில் டீட்ரிச் வால் கோட்டில் மேடையேறிப் பாடி, பார்க்க வந்த ஒரு பெண்ணிடம் பூ வாங்கி, அவள் உதட்டில் முத்தமிட்டுச் செல்வார். படத்தில் அவர் பெண் பாத்திரம்தான், ஒரு நிமிடம்கூட ஆணாக நடிக்கவில்லை. அந்தப் படத்துக்கு ஆஸ்கர் பரிந்துரையும் கிடைத்தது. பிற்காலத்தில் மேடைக் கச்சேரிகளில் முதல் பாதி ஜான் லூயி வடிவமைத்த மின்னும் கவுன், இரண்டாம் பாதி வால் கோட்டு என்று ஒரே மாலையில் இரண்டும் போட்டார். இரண்டிலும் அதே பெண். உங்கள் மகளும் கோட்டுக்குள் உங்கள் மகள்தான்.

கறுப்பு சுபகாரியத்துக்கு ஆகாது என்பது உங்கள் மனசில் இருந்தால் அதற்கு வழி செய்யலாம். அரக்கு, பாட்டில் பச்சை, அடர் நீலம் மூன்றுமே கோட்டுக்கு நன்றாக அமையும். லேப்பலுக்குச் சாட்டினுக்குப் பதில் உங்கள் பழைய பட்டுச்சேலை ஒன்றிலிருந்து துணி எடுங்கள். முந்தானையின் ஜரிகைப் பகுதி வேண்டாம். லேப்பல் உருண்டு மடியும் இடத்தில் ஜரிகை ஒடிந்து, சில மாதத்தில் நூல் பிரிந்து நிற்கும். உடல் பகுதியின் வெற்றுப் பட்டை எடுத்து, மடிப்புத் தழும்பு இல்லாத இடமாகப் பார்த்து வெட்டச் சொல்லுங்கள். பழம்பட்டு மடித்த தழும்பில்தான் முதலில் கிழியும். விரலால் இரண்டு பக்கமும் இழுத்துப் பார்த்து, 'சர்ர்' என்று சத்தம் வந்தால் அந்த இடத்தை விட்டுவிடுங்கள்.

நகையில் கறாராக இருங்கள். கோட்டு முழுக்கக் கோடாக இருப்பதால் ஒரே ஒரு மென்மையான விஷயம் முகத்தருகே போதும். ஜிமிக்கி என்றால் கழுத்தில் ஒன்றும் வேண்டாம். மல்லிகை வைப்பதானால் பின்கொண்டையில் ஒரே சுற்று. தோளில் வழியவிட்டால் லேப்பல் மறைந்துபோகும், பூவின் ஈரம் பட்டில் கறையாகும்.

பையன்கள் இந்த ஸ்டைலில் எதை எடுத்துக்கொள்ளலாம்?
– வாசகர், குமுளி

டீட்ரிச்சின் இன்னொரு பாதியை. 'ஷாங்காய் எக்ஸ்பிரஸ்' படத்தில் டிராவிஸ் பேன்டன் அவருக்குக் கறுப்புச் சேவல் இறகுகளும் முகவலையும் கொடுத்தார். இறகை அப்படியே எடுக்க வேண்டாம். மினுமினுப்பை எடுங்கள். கழுத்து திறந்த கறுப்புச் சட்டைக்குள், ஒன்றேகால் மீட்டர் நீளமும் 10 அங்குல அகலமும் உள்ள கறுப்புப் பட்டுத் துண்டு. மூலைவாட்டில் சாய்த்து வெட்டினால்தான் வளைந்து விழும், நேர்வாட்டில் வெட்டினால் விறைத்து நிற்கும். ஓரத்தை மெஷினில் அடிக்காமல் கையால் உருட்டித் தைக்கச் சொல்லுங்கள். பேன்ட் அதே உயர இடுப்பு, 22 பாட்டம். கீழே கூர்முனை ஷூ. ரப்பர் செருப்பு போட்டால் அந்தப் பாட்டம் தரையைப் பெருக்கும்.